கணுவும் கணையும்

பண்ருட்டிக்குப் பக்கத்தில், கெடிலத்தின் கரையில், அம்பாக நின்ற ஒரு தெய்வத்துக்குக் கோயில் இருக்கிறது. திருவதிகை வீரட்டானேசுவரரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பேருந்து ஏறிவிடுகிறவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும். சற்றுத் தள்ளி இருக்கிறது சரநாராயணப் பெருமாள் கோயில். சரம் என்றால் அம்பு. முப்புரங்களை எரிக்கச் சிவன் புறப்பட்ட அன்று பூமி தேரானது, சூரியனும் சந்திரனும் சக்கரங்களாயின, மேரு மலை வில்லானது, வாசுகி நாணானது, திருமால் அம்பானார். அதனால் வந்த பெயர்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை இது. நானே ஒரு மூங்கில் அம்பு செய்ய உட்கார்ந்த பிறகுதான் அதற்குள் ஒரு கைவேலைக்காரரின் கணக்கு இருப்பது புலப்பட்டது. கதையில் அம்பு மூன்று பேரால் ஆனது. முனையில் அக்கினி, இறகில் வாயு, நடுவில் தண்டாகத் திருமால். அம்பு செய்கிற எவரும் வேலையை இப்படித்தான் மூன்றாகப் பிரிப்பார்கள். முனையைக் கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கிவிடலாம். இறகைப் பறவை தந்துவிடும். தண்டு மட்டும் செய்கிறவன் கையில்தான் உருவாக வேண்டும். அது கோணலாகிவிட்டால் நெருப்பும் காற்றும் சேர்ந்தாலும் அம்பைக் காப்பாற்ற முடியாது. காக்கும் கடவுளைத் தண்டில் நிறுத்தியவர்கள் அம்பு செய்து பழகியவர்களாகவே இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

சொற்களும் அதையே சொல்கின்றன. சரம் என்ற வடசொல்லுக்கு முதற்பொருள் நாணல் வகைப் புல். அம்பு என்ற பொருள் அதிலிருந்து பிறந்தது. தமிழில் கோல் என்றால் கம்பு, கோல் என்றால் அம்பும்தான். பகழி, கணை, வாளி என்று எத்தனையோ பெயர் இருந்தும், கையில் எடுத்தால் அது ஒரு கோல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் செய்யும் முதல் அம்பும் அப்படிப்பட்டதே. விளக்குமாற்றிலிருந்து உருவிய தென்னை ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டி வளைத்தால் வில். சோளத்தட்டையில் கருவேல முள்ளைச் செருகினால் அம்பு. பத்தடி போவதற்குள் அது தலைகீழாகப் புரண்டு விழும். ஏன் புரண்டது என்று அந்த வயதில் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்பின் பிறப்பு மூங்கில் புதரில். மூங்கில் மரமில்லை, புல். மழைக்காலத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு குருத்து வரும்போதே அதன் பருமன் முடிவாகிவிடுகிறது. சில மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதற்குப் பிறகு ஒரு நூல்கூடப் பருக்காது. ஆனால் உயரம் வந்தவுடன் வலு வந்துவிடுவதில்லை. முதல் வருடக் கழி தண்ணீரும் மாவுச்சத்துமாக இருக்கும். காய்ந்தால் சுருங்கித் திருகிக்கொள்ளும். மூன்று வருடம் நின்ற கழியில்தான் நார் இறுகும். பாளைகள் உதிர்ந்து, பச்சை மங்கி, மேல்தோலில் வெள்ளைப் படை தெரிய வேண்டும். கத்தியின் முதுகால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். தொழில் தெரிந்தவர்கள் புதரைச் சுற்றிவந்து காதால்தான் கழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம் ஊரில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. முள் மூங்கில் பெரியது, உள்ளே வெற்றிடம் அகலமானது. பந்தலுக்கும் ஏணிக்கும் போவது. கல் மூங்கில் ஒல்லியானது, ஏறக்குறையக் கெட்டியானது. தடிக்கும் சிலம்பக் கழிக்கும் பேர்போனது. அம்புக்கு இரண்டு வழி உண்டு. சுண்டுவிரல் பருமனுக்கும் குறைவான கல் மூங்கில் கொம்புகளை முழுதாக எடுத்துக்கொள்வது ஒன்று. முள் மூங்கிலின் தடித்த அடிப்பகுதியைப் பிளந்து, அந்தப் பிளாச்சை உருட்டாகச் செதுக்குவது இன்னொன்று. முதல் வழியில் இயற்கை உருட்டிக் கொடுத்துவிடுகிறது, நேராக்குவது நம் பாடு. இரண்டாவதில் நேராக்குவது எளிது, உருட்டுவது பாடு. நான் முதல் வழியை எடுத்தேன்.

தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பது மூங்கில் வேலை செய்கிறவர்களின் நம்பிக்கை. நிலாவின் கணக்கு எப்படியோ, மாவுச்சத்தின் கணக்கு உறுதியானது. மூங்கிலைத் துளைக்கும் சிறு வண்டுகள் தேடிவருவது அந்த மாவை. மழை ஓய்ந்து குருத்து வளர்ச்சி நின்ற பிறகு, மார்கழி தை வாக்கில் வெட்டினால் கழியில் மாவு குறைவாக இருக்கும். வெட்டியதை ஓடுகிற தண்ணீரிலோ குளத்திலோ சில வாரம் அமுக்கிப் போட்டால் மிச்சமும் கரைந்துபோகும். ஊறிய மூங்கில் நாறும். அந்த நாற்றம் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

இந்த மூங்கில் ஊருக்குள் வந்து சேர்வதும் ஒரு காலத்தில் சுலபமாக இல்லை. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரக் கணக்கில் சேர்த்திருந்தது. தாவரவியல் புல் என்றது, சட்டம் மரம் என்றது. அதனால் சொந்த நிலத்தில் வளர்ந்த மூங்கிலை வெட்டி வண்டியில் ஏற்றுவதற்கும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2017இல் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். தொண்ணூறு வருடம் கூடை முடைகிறவர்களும் முறம் கட்டுகிறவர்களும் ஒரு புல்லுக்காகச் சீட்டு வாங்கி அலைந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

உலர்ந்த கழியை அம்பாக்கும் வேலை தீயில்தான் நடக்கிறது. எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்த கட்டம் இதுதான், ஆகையால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அடுப்புக்கரித் தணல் வேண்டும். சுவாலை கூடாது, சுவாலை தோலைக் கருக்கிவிடும், உள்ளே சூடு இறங்காது. கழியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்க்க வேண்டும். பெரிய வளைவு முதலில் தெரியும். அதைத் தணலுக்கு மேலே உருட்டிக்கொண்டே சூடேற்றினால், ஒரு கட்டத்தில் மேல்தோலில் மெழுகுபோல ஈரம் பளபளக்கும். அந்த நொடியில் மூங்கில் கைக்கு இணங்கும். நார்களை ஒட்டிவைத்திருக்கும் பொருள் சூட்டில் இளகுவதுதான் காரணம். உடனே எதிர்ப்பக்கம், நேருக்குக் கொஞ்சம் அதிகமாகவே வளைத்து, ஆறும் வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். விட்டதும் சற்றுத் திரும்பி நேரில் வந்து நிற்கும். எவ்வளவு அதிகம் வளைப்பது என்பதற்கு அளவு கிடையாது; கைதான் கற்றுக்கொள்கிறது. பெரிய வளைவு போனதும் சின்ன வளைவுகள் தெரியத் தொடங்கும். அவை போனதும் கணுக்கள் தெரியும்.

கணுதான் இந்த வேலையின் சோதனை. கணுவில் நார்கள் நேராகப் போவதில்லை. முண்டும் முடிச்சுமாகப் பின்னிக்கொள்கின்றன. ஒவ்வொரு கணுவிலும் கழி சிறிது திசை மாறும். அங்கே நிதானமாகச் சூடேற்ற வேண்டும். எனக்கு முதலில் எடுத்த கழிகளில் இரண்டு போயின. ஒன்றைக் கணுவில் அவசரப்பட்டு வளைத்தேன், நறுக்கென்று ஒடிந்தது. இன்னொன்றின் உள்ளே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. இரண்டு கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்று சூடேறி, துப்பாக்கிபோல வெடித்தது. நெருப்பில் போட்ட மூங்கில் இப்படி வெடிப்பதைப் பார்த்துத்தான் சீனர்கள் பட்டாசுக்கே வெடிமூங்கில் என்று பெயர் வைத்தார்கள். அம்பும் வெடியும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் என்பது அன்றைக்கு என் முற்றத்திலேயே தெரிந்துபோனது. அந்தக் கதை பின்னால் வரும்.

நேரானதும் கணுமுண்டுகளை அரத்தால் தேய்க்க வேண்டும். பிறகு கண்ணாடிச் சில்லால் சுரண்டி, கடைசியில் உப்புத்தாள். எவ்வளவு சுரண்டலாம் என்பதில் கவனம் வேண்டும். மூங்கிலின் உறுதி வெளித்தோலை ஒட்டி நெருக்கமாக ஓடும் நாரில் இருக்கிறது. உள்ளே போகப் போக மென்மை. அழகுக்காக மேலே சீவினால் உயிரைச் சீவியதாகிவிடும்.

இப்போது கையில் ஏறக்குறைய இரண்டரை அடி நீளத்தில், எட்டு மில்லிமீட்டர் பருமனில் ஒரு கோல் இருக்கும். பார்ப்பதற்கு அம்புத் தண்டு. ஆனால் அது எந்த வில்லுக்கு உரியது என்பது இன்னும் தெரியாது. இதுதான் எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. நாணில் பூட்டிய அம்பு வில்லின் நடுக்கட்டையை ஒட்டிப் பக்கவாட்டில் நிற்கிறது. நாண் நேராக முன்னே தள்ளுகிறது. வழியில் கட்டை மறிக்கிறது. கணக்குப்படி அம்பு பக்கவாட்டில் தெறித்துப் போக வேண்டும். போவதில்லை. நாண் தள்ளும் வேகத்தில் அம்பு மீன்போல வளைந்து, கட்டையைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வளைந்து, இப்படி இரண்டு மூன்று முறை நெளிந்த பிறகே நேர்கோட்டுக்கு வருகிறது. 1930களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படம் எடுத்து இதைக் காட்டிய பிறகுதான் படித்த உலகம் கண்ணால் கண்டது. அம்பு செய்தவர்களின் விரல்களுக்கு இது எப்போதோ தெரியும். விறைப்பான தண்டு நெளியாமல் ஒரு பக்கம் போகும். துவண்ட தண்டு அதிகம் நெளிந்து மறுபக்கம் போகும். வில்லின் இழுப்புக்கு ஏற்ற துவளல் உள்ள தண்டுதான் குறிக்குப் போகும். இன்றைக்கு அதை அளக்க ஒரு முறை இருக்கிறது: 26 அங்குல இடைவெளியில் இரண்டு முளைகள்மேல் தண்டை வைத்து, நடுவில் சுமார் 900 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பார்கள். நான் அளந்தேன். ஒரே புதரில், ஒரே நாளில் வெட்டிய கழிகளில் இரண்டுகூட ஒன்றுபோலத் தொய்யவில்லை. ஒரு தூணியை நிரப்பும் அளவுக்கு ஒத்த அம்புகள் சேர்க்க எத்தனை கழிகளைத் தள்ளியிருப்பார்கள்!

தஞ்சைக் கல்வெட்டுகளில் வில்லிகள் என்று சோழர்களின் படைப்பிரிவுகள் வருகின்றன. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை தணல் அடுப்புகள், எத்தனை மூடிய ஒற்றைக் கண்கள் என்று யோசிப்பேன். வில்லாளியின் பெயர் பாட்டில் நிற்கிறது. கொல்லிமலை வல்வில் ஓரிக்கு ஆடி மாதம் அரசு விழா எடுக்கிறது, அதில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அவன் அம்பைச் செய்து கொடுத்தவரின் பெயர் எங்கும் இல்லை.

நாண் பூட்டும் வெட்டைக் கணுவை ஒட்டிப் போட வேண்டும். கணுவின் குறுக்குச் சுவர் அங்கே காவல் நிற்கும்; இல்லாவிட்டால் நாணின் அடியில் தண்டு இரண்டாகப் பிளந்துவிடும். வெட்டுக்குக் கீழே பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி அரக்கு தடவினேன். முன்காலத்தில் தசைநாரைச் சுற்றியிருக்கிறார்கள்; காய்ந்தால் அது இன்னும் இறுகும்.

பிறகு இறகு. சோளத்தட்டை அம்பு ஏன் புரண்டது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. வால்பக்கம் காற்றைப் பிடிக்க எதுவும் இல்லாவிட்டால் அம்பு எந்த முனையால் பறப்பது என்று தெரியாமல் தடுமாறும். மூன்று இறகுகளைச் சம இடைவெளியில் ஒட்ட வேண்டும். மூன்றும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். இடச்சிறகின் இறகு ஒரு பக்கம் வளைந்திருக்கும், வலச்சிறகினுடையது மறுபக்கம். கலந்து ஒட்டினால் ஒன்று சுழற்ற, மற்றொன்று தடுக்கும். ஒரே பக்கமாக இருந்தால் அம்பு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பறக்கும். அந்தச் சுழற்சியால் தண்டில் மிச்சமிருக்கும் சிறு கோணல்கூட எல்லாத் திசைக்கும் பங்காகிக் கரைந்துபோகும். பழைய இலக்கியங்களில் கழுகின் இறகும் நாரையின் இறகும் அம்புக்கு உயர்வாகச் சொல்லப்படும். கழுகு இறகை இன்றைக்கு நினைத்துப் பார்க்கவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் ஒருபுறமிருக்க, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியா முழுக்க அழிந்து ஒருசில இடங்களில்தான் மிஞ்சியிருக்கின்றன. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. எனக்கு உதவியது வான்கோழி. பண்ணையில் உதிர்ந்துகிடந்த இறகுகளைப் பொறுக்கி, இடம் வலம் பிரித்து, நடுத்தண்டை நீளவாக்கில் பிளந்து ஒட்டினேன்.

முனைக்கு வந்தால் தமிழ்நாட்டில் பேச நிறைய இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் தாழிகளைத் தோண்டி எடுத்தபோது வாள், ஈட்டிகளோடு இரும்பு அம்புமுனைகளும் வந்தன. முனைகள் கிடைத்தன; தண்டுகள் மண்ணாகிப் போய்விட்டன. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கும் அம்புமுனையைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் இரண்டரை அடி வெற்றிடத்தை என் கண் தேடும். அம்பின் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் இரும்பின் வரலாறுதான். மூங்கில் தன் பங்கை எழுதிவைக்கவில்லை. இத்தனைக்கும் இரும்புக்கு இடம் கொடுத்தது அதுதான்: கழியின் உள்துளையில் முனையின் வாலை இறக்கி, சூடான அரக்கை ஊற்றி, வெளியே நூலால் இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

முழு அம்பையும் பார்க்க வேண்டுமென்றால் செங்கம் பக்கத்து நடுகற்களிடம் போக வேண்டும். பல்லவர் காலத்துக் கற்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரன் கையில் வில்லோடு நிற்கிறான். சில கற்களில் அவன் உடம்பில் அம்புகள் தைத்திருக்கின்றன. தைத்த அம்பைக் கல்தச்சர் தண்டோடு சேர்த்தே செதுக்கியிருக்கிறார். ஒரு புதரில் தொடங்கிய பயணம் போய்ச் சேர்ந்த இடம் அது. நான் செய்த அம்பைப் பற்றிப் பெருமையாக எழுதிக்கொண்டிருக்கும்போதும் இதை மறக்கக்கூடாது. இந்தப் பொருள் கொல்வதற்காகத்தான் இவ்வளவு நேர்த்தியானது.

சிதம்பரத்துக்கு வருகிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஒட்டினாற்போல் திருவேட்களம் இருக்கிறது. 1929இல் பல்கலைக்கழகம் வந்த பிறகு அந்தப் பெயரையே பலர் மறந்துவிட்டார்கள். மாணவர்களுக்கு அது அண்ணாமலை நகர்தான். தில்லையில் இரவு தங்கத் தயங்கிய சம்பந்தர் வந்து தங்கியது இங்கே. கோயில் இறைவன் பாசுபதேசுவரர். அர்ச்சுனன் தவமிருந்து பாசுபதம் என்ற அம்பைப் பெற்ற இடம் இதுவே என்பது தலபுராணம். தலமரம் எது தெரியுமா? மூங்கில். ஆதியில் இந்த இடம் மூங்கில் காடாக இருந்ததாம். மூங்கில் காட்டில் ஒருவன் அம்பு கேட்டுத் தவமிருந்தான் என்பதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை.

அந்தக் கதையின் நடுவே ஒரு சண்டை. பன்றி ஒன்று பாய்ந்து வருகிறது. அர்ச்சுனனும் எய்கிறான், வேடனாக வந்த சிவனும் எய்கிறார். பன்றி விழுகிறது. யாருடைய அம்பால் விழுந்தது என்பதுதான் தகராறு. அது முற்றி வில்லால் அடிக்கும் வரை போகிறது. இப்போது இதை ஓர் அம்பு செய்கிறவனாகக் கேட்கிறேன். கையால் செய்த அம்பு எதுவும் இன்னொன்றைப் போல இருக்காது. கணு விழுந்த இடம், நூல் சுற்றிய முறை, இறகு வெட்டிய சாய்வு, எல்லாம் செய்தவனின் கையெழுத்து. வேட்டையில் இரை யாருக்கு என்பதைப் பன்றியின் உடம்பில் நிற்கும் அம்பே சொல்லிவிடும். ஆகவே வேடன் தன் அம்பைத் தெரியாமல் பேசுகிறான் என்றுதான் அர்ச்சுனன் நினைத்திருப்பான். அவன் கோபம் நியாயமானது.

இந்தக் கதையைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் எங்கள் பக்கம் குறைவு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். பழைய தென்னார்க்காடு முழுக்க இந்த அம்மனின் ராஜ்ஜியம். பகலில் பாரதம் படிப்பார்கள். வில்லிபுத்தூரார் பாரதம், இதே திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் எழுதியது. இரவில் கூத்து. வில்வளைப்பு நாளில் அர்ச்சுனன் வில்லை வளைத்துச் சுழலும் மீனை அடித்துத் திரௌபதியை மணப்பான். அர்ச்சுனன் தபசு அன்று திடலில் நட்ட உயரமான தபசு மரத்தில் வேடம் கட்டியவர் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியில் நின்று எலுமிச்சம்பழமும் விபூதியும் வில்வமும் வீசுவார். குழந்தை வேண்டி நோன்பிருக்கும் பெண்கள் கீழே முந்தானை விரித்துக் காத்திருப்பார்கள். மாமல்லபுரத்துப் பாறையில் பல்லவர் செதுக்கியதாகப் பலர் சொல்லும் அதே காட்சி, இங்கே பனைமரத்து உயரத்தில் மூச்சுவாங்கிக்கொண்டு நடக்கிறது. கூத்தின் வில்லும் அம்பும் ஜிகினாத்தாள் ஒட்டியவை. அவை பறக்க வேண்டியதில்லை. ஆனால் அம்பை இன்னும் கையில் எடுத்துப் பிடிக்கிற ஒரு சந்தர்ப்பம் இந்தக் கடலூர் மாவட்டத்தில் வருடா வருடம் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இந்த அம்மன்தான்.

போர்க்களத்திலிருந்து அம்பை விரட்டியது வெடிமருந்து. அதற்கும் கடலூர் சாட்சி. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு நிலமும் சேர்த்து என்று ஒப்பந்தம். சென்னையிலிருந்து பீரங்கியைக் கொண்டுவந்து சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அதற்கு முன் நம் பேச்சில் தூரத்துக்கு ஒரு அளவு உண்டு: அம்பு விடு தூரம். ஓர் அம்பு போகும் தூரத்தில் ஒரு வயலோ இரண்டு வயலோ அடங்கும். குண்டு போன தூரத்தில் ஊர்களே அடங்கிவிட்டன.

அப்படியும் அம்பு சாகவில்லை. 1802இல் வயநாட்டில் குறிச்சியர்கள் பனமரம் கோட்டையைத் தாக்கிக் கம்பெனிப் படையை அழித்தபோது அவர்கள் கையில் இருந்தது வில்லும் அம்பும். மூங்கில் தண்டோ இன்னொரு வேடம் போட்டுக்கொண்டது. மைசூர் ஹைதர் அலியின் படையில் இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து, அதை நீண்ட மூங்கில் கழியில் கட்டி ஏவினார்கள். 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கம்பெனிப் படை சிதறிய போரில் இந்த ஏவுகணைகளுக்குப் பங்கு உண்டு. அடுத்த வருடம், 1781 ஜூலை 1ஆம் தேதி, நம் பரங்கிப்பேட்டையில் கம்பெனித் தளபதி அயர் கூட் ஹைதரைத் தோற்கடித்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. உல்விச்சில் வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தன் ராக்கெட்டைச் செய்தார். கழி இல்லாவிட்டால் அந்தக் குழாயும் என் சோளத்தட்டை அம்பைப் போலப் புரண்டு விழுந்திருக்கும். அம்பில் இறகு பார்த்த வேலையை ராக்கெட்டில் மூங்கிலின் நீளம் பார்த்தது. வாணம் என்று நாம் சொல்லும் சொல்லே பாணம் என்பதன் தமிழ் உருவம். பாணம் என்றால் அம்பு. தீபாவளிக்குப் பிள்ளைகள் பாட்டிலில் நிறுத்திக் கொளுத்தும் ராக்கெட்டின் குச்சி, அந்தத் தண்டின் பேரப்பிள்ளை.

விளையாட்டுத் திடலிலும் மூங்கில் இன்னும் நிற்கிறது. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்தை எய்வது கார்பன் அம்பு. ஆனால் நம் நாட்டுப் போட்டிகளில் இந்தியச் சுற்று என்று தனிப் பிரிவு உண்டு: மூங்கில் வில், 50 மீட்டரும் 30 மீட்டரும் தூரம். விலையுயர்ந்த வெளிநாட்டு வில் வாங்க முடியாத பிள்ளைகளுக்கு அதுதான் முதல் படி. ராஜஸ்தானத்துப் பழங்குடிச் சிறுவனாக மூங்கில் வில்லோடு தொடங்கிய லிம்பா ராம் 1992இல் பெய்ஜிங்கில் 30 மீட்டர் உலக சாதனையைச் சமன் செய்தார். அம்புத் தண்டை மாற்ற மேலைநாட்டினர் 1939 முதல் அலுமினியக் குழாய் செய்தார்கள், பிறகு கார்பனுக்கு வந்தார்கள். அந்தக் கார்பன் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்திருக்கிறேன். நடுவில் வெற்றிடம், சுற்றிலும் நீளவாக்கில் ஓடும் நார்கள், நார்களைப் பிடித்துவைக்கும் பசை. இத்தனை சுற்றிவந்தும் கடைசியில் மூங்கிலைத்தான் செய்திருக்கிறார்கள், கணு மட்டும் இல்லாமல்.

என் அம்பு முதன்முதலில் பறந்தது ஒரு முந்திரித் தோப்பில். வைக்கோலை இறுக்கிக் கட்டி முப்பது தப்படி தள்ளி நிறுத்தியிருந்தேன். முதல் அம்பு இடப்பக்கம் போய் மணலில் சொருகியது. இரண்டாவது வைக்கோலில் ஏறியது. ஒரு நொடியைவிடக் குறைவான பறப்பு. அதற்குப் பின்னால் மூன்று வருடம் நின்ற கழி, ஒரு மாத ஊறல், ஒரு மாத உலர்த்தல், தணல் முன்னால் எத்தனையோ சாயங்காலம். அம்பைப் பிடுங்கியவுடன் கை தானாக அதைக் கண்ணருகே கொண்டுபோனது. இன்னும் நேராகத்தான் இருந்தது.

அன்றிரவு அதை விறகடுப்புக்கு மேலே பரணில் செருகிவைத்தேன். புகை படிந்தால் வண்டு அண்டாது என்று வீட்டில் பெரியவர்கள் முறத்தையும் கூடையையும் அங்கேதான் வைப்பார்கள். ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் கணுவில் அதே பழைய வளைவு, முதல் நாள் புதரில் பார்த்த அதே திசையில், மெல்லத் திரும்ப வந்திருந்தது. கரியை மூட்டினேன்.